ஒரு வரி குறையாமல்

(திருநெல்வேலியில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

"கருத்து வேறுபாட்டின் பயன்" என்று அழைப்பிதழில் தலைப்புப் போட்டிருக்கிறார்கள். ஒத்த கருத்துள்ளவர்கள் கூடிப் பேசினால் பொழுது போகும், மனசுக்கும் இதமாக இருக்கும். ஒத்துப்போகாதவர்கள் கூடிப் பேசினால் என்ன ஆகும்? சண்டை ஆகும் என்பீர்கள். ஆகட்டும். சில சண்டைகள் முடிந்த பிறகு இரண்டு பேரும் முன்னைவிடத் தெளிவாக இருக்கிறார்கள், வேடிக்கை பார்த்தவனும் ஏதோ பெற்றுக்கொண்டு வீட்டுக்குப் போகிறான். சில சண்டைகளில் தொண்டை வறண்டதுதான் மிச்சம். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் எங்கே இருக்கிறது? இன்றைக்கு நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

அதைப் பேச இந்த ஊரைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. காரணம் சொல்கிறேன்.

1934ஆம் வருடம் ஜனவரி 15ஆம் தேதி, பொங்கலை ஒட்டிய நாள், பீகாரில் பூமி அதிர்ந்தது. முங்கேர் நகரம் தரைமட்டம் ஆனது. முசாபர்பூர், தர்பங்கா, அந்தப் பக்கம் நேபாளம் வரைக்கும் அழிவு. நிலம் பிளந்து மணலும் தண்ணீரும் பீறிட்டு வந்து, விளைந்து நின்ற வயல்களை மூடிவிட்டன. செத்தவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். அந்த நேரத்தில் காந்தியடிகள் எங்கே இருந்தார்? தெற்கே இருந்தார். தீண்டாமையை ஒழிக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசி, அரிசன நிதி திரட்டிக்கொண்டு, நாடு முழுவதும் சுற்றிக்கொண்டிருந்த பயணம் அது. ஜனவரி 24ஆம் தேதி நம் திருநெல்வேலிக்கு வந்தார். இந்த ஊர்ப் பொதுக்கூட்டத்தில் பீகாரைப் பற்றிப் பேசினார். அங்கே நடந்த அழிவு, தீண்டாமை என்ற பாவத்துக்காக ஆண்டவன் நமக்குக் கொடுத்த தண்டனை என்று சொன்னார்.

கூட்டத்தில் இருந்தவர்கள் எப்படிக் கேட்டிருப்பார்கள்? கைகூப்பிக் கேட்டிருப்பார்கள். சொன்னவர் மகாத்மா. சொன்ன நோக்கமும் நல்ல நோக்கம். யார் மறுக்கப் போகிறார்கள்?

ஒருவர் மறுத்தார். வங்காளத்தில், சாந்திநிகேதனில் இருந்த இரவீந்திரநாத் தாகூர். அப்போது அவருக்கு 72 வயது. தீண்டாமையை அவரும் வெறுத்தவர்தான். 1932இல் எரவாடா சிறையில் காந்தி உண்ணாவிரதம் இருந்தபோது, தள்ளாத வயதில் வங்காளத்திலிருந்து புனாவுக்குப் போய், அவர் நோன்பை முடித்த நேரத்தில் பக்கத்தில் இருந்து பாடியவர். அப்படிப்பட்டவர் பத்திரிகையில் திருநெல்வேலிப் பேச்சை வாசிக்கிறார். பதறுகிறார். உடனே உட்கார்ந்து ஒரு மறுப்பு எழுதுகிறார்.

எழுதியவர் அதை என்ன செய்தார் தெரியுமா? இதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். கல்கத்தாவில் எந்தப் பத்திரிகையும் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடி வெளியிட்டிருக்கும். அவர் எந்தப் பத்திரிகைக்கும் அனுப்பவில்லை. காந்திக்கே அனுப்பினார். ஜனவரி 28ஆம் தேதி, கூடவே ஒரு கடிதம் வைத்தார். நீங்கள் இப்படிப் பேசியதாகச் செய்தி வந்திருக்கிறது, எனக்கு நம்ப முடியவில்லை. உண்மையிலேயே இதுதான் உங்கள் கருத்து என்றால் அதை மறுப்பில்லாமல் விட்டுவிடக் கூடாது என்று நினைக்கிறேன். என் மறுப்பு இத்துடன் இருக்கிறது. செய்தி சரியானதுதான் என்றால் நீங்களே இதைப் பத்திரிகைக்குக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் சொல்லாத ஒன்றுக்காக உங்களைக் குறைசொல்ல எனக்குச் சம்மதம் இல்லை. கடிதத்தின் சாரம் இவ்வளவுதான்.

யோசித்துப் பாருங்கள். எதிர்த்து எழுதியதை எதிராளியின் கையிலேயே கொடுத்து, இது வெளியே போவதும் போகாததும் உம்முடைய நேர்மையைப் பொறுத்தது என்று ஒரு மனிதர் சொல்கிறார். இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது?

கடிதம் வந்தபோது காந்தி நம்முடைய குன்னூரில் இருந்தார். பிப்ரவரி 2ஆம் தேதி அங்கிருந்து பதில் எழுதினார். நான் அப்படித்தான் சொன்னேன், அதுதான் என் நம்பிக்கை என்றார். பிப்ரவரி 16ஆம் தேதி வந்த 'அரிசன்' இதழில், அவருடைய சொந்த இதழில், தாகூரின் மறுப்பு வெளிவந்தது. அதே இதழில் காந்தியின் பதிலும் வந்தது. வாசகன் கையில் ஒரே நாளில் இரண்டும்.

தாகூர் என்ன எழுதினார்? இயற்கையில் நடக்கிற அழிவுக்கு இயற்கையில்தான் காரணம் இருக்கும். நம் பாவம் எத்தனை பெரிதானாலும் படைப்பின் அஸ்திவாரத்தை ஆட்டுகிற பலம் அதற்குக் கிடையாது. குற்றம் செய்யாதவர்களையும் சேர்த்துக் கொல்வது நீதி என்றால் மனிதனுடைய நீதி உணர்வு அதைவிட உயர்ந்தது. அதோடு விடவில்லை. இந்த வாதம் உங்களுக்கு ஏற்றது அல்ல, உங்கள் எதிரிகளுக்கு ஏற்றது என்றார். நீங்கள் தீண்டாமையை ஒழிக்கக் கிளம்பியதால்தான் ஆண்டவன் கோபித்துப் பூமியை அசைத்தான் என்று சனாதனிகள் சொன்னால் என்ன பதில் சொல்வீர்கள்? அது எங்கே கொண்டுபோய் விடும்? இத்தனையும் எழுதிவிட்டு, இந்த நாட்டு மக்கள் மனசிலிருந்து பயத்தை விரட்டிய மனிதர் என்று காந்திக்கு நன்றியும் சொல்கிறார். அந்த நன்றிக்காக மறுப்பில் ஒரு சொல்லையும் அவர் குறைக்கவில்லை.

காந்தி அசைந்தாரா? அசையவில்லை. தன் நம்பிக்கையை மறுபடியும் சொன்னார். பிறகு என்ன பயன் என்று கேட்பீர்கள். இரண்டு பெரியவர்கள் எழுதினார்கள், இரண்டு பேரும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள், அவ்வளவுதானே?

அவ்வளவுதான் இல்லை. அந்தப் பதிலில் காந்தி ஓர் இடத்தில், தீண்டாமைக்கும் பீகாருக்கும் உள்ள தொடர்பை என்னால் நிரூபிக்க முடியாது என்று எழுதுகிறார். உள்ளுணர்வாக எனக்குத் தோன்றுகிறது, நிரூபிக்க இயலாது, நம்பிக்கை தவறாகவே போனாலும் அதனால் எனக்கு நன்மைதான் விளைந்திருக்கும் என்கிறார். கோடிப்பேர் வேதவாக்காக எடுத்துக்கொள்கிற ஒரு வாயிலிருந்து, இது என் நம்பிக்கை, நிரூபணம் அல்ல என்று அச்சில் வந்தது. இதை வரவழைத்தது யார்? தாகூர். கைகூப்பிக் கேட்ட நம் ஊர்க் கூட்டத்தால் இதை வரவழைக்க முடிந்திருக்குமா?

என் கட்சியையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் தாகூர் பக்கம். முங்கேர் கடைத்தெருவில் இடிபாட்டுக்குள் செத்தவர்களில் தீண்டாமைக்கு ஆளானவர்களும்தானே இருந்திருப்பார்கள்? அவர்கள் எந்தப் பாவத்துக்குத் தண்டனை பெற்றார்கள்? இப்படி நினைக்கிற நானே, காந்தியின் பதிலை வாசிக்கும்போது அந்த மனிதரின் நேர்மைக்கு எழுந்து நிற்கிறேன். அவருடைய இதழ். அவர் நினைத்திருந்தால் அந்த மறுப்பைக் குப்பைக்கூடையில் போட்டிருக்கலாம், தனக்குச் சாதகமாக நாலு வரி எடுத்துப் போட்டிருக்கலாம். முழுசாகப் போட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இவர்களுக்குள் இது முதல் மோதல் இல்லை. 1921இல் ஒத்துழையாமையைப் பற்றி, 1925இல் இராட்டையைப் பற்றி என்று வருடக்கணக்காக நடந்த வழக்கு இது. வீட்டின் ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும், எல்லா நாட்டுக் காற்றும் உள்ளே வர வேண்டும் என்ற பொருளில் காந்தி சொன்னதைப் பள்ளிக்கூடச் சுவரெல்லாம் எழுதி வைத்திருக்கிறோமே, அது தன்னந்தனியாக உட்கார்ந்து யோசித்துச் சொன்னது அல்ல. தாகூரின் கேள்விக்குப் பதில் எழுதும்போது பிறந்தது. கேட்க ஓர் ஆள் இல்லாமல் போயிருந்தால் அந்த வரி இல்லை.

நிலநடுக்க வழக்கு நடந்து இரண்டே வருடம். 1936 மார்ச்சில், தன் கல்வி நிலையமான விசுவபாரதியை நடத்தப் பணம் இல்லாமல், 74 வயதில் நாடகக் குழுவோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார் தாகூர். டெல்லியில் காந்தி அவரைப் பார்த்தார். இந்த வயதில் இவர் இப்படி அலைவதா என்று மனசு கேட்கவில்லை. 60,000 ரூபாய் ஏற்பாடு செய்து கொடுத்து, இனி ஊருக்குத் திரும்பி ஓய்வெடுங்கள் என்றார். வாதம் வாதமாக இருந்தது. மனிதர் மனிதராக இருந்தார்.

அவர்கள் மகான்கள், நமக்கு முடியுமா என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கிறீர்கள். சரி, மகான்களை விடுவோம். என் தாத்தாவைச் சொல்கிறேன்.

1960களின் நடுப்பகுதி. மொழிப் போராட்டம் தெருவை இரண்டாக்கி வைத்திருந்த நேரம். என் தாத்தா கதர் வேட்டி கட்டிய காங்கிரஸ்காரர். நாலு வீடு தள்ளிக் கடை வைத்திருந்த ஒருவர் கழகத்துக்காரர். தெருவே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும், என் தாத்தாவும் அப்படித்தான் கூப்பிடுவார். தாத்தாவுக்கு வருவது நவசக்தி. அண்ணாச்சிக்கு வருவது முரசொலி. தாத்தாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. எழுத்து தெரியாது. வீட்டில் எங்களுக்குப் பொறுமை இல்லை. தாத்தாவுக்கு நவசக்தித் தலையங்கத்தை வாசித்துக் காட்டியது யார் என்று நினைக்கிறீர்கள்? அண்ணாச்சி!

சாயங்காலம் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வருவார். திண்ணையில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியை வேட்டி முனையால் துடைப்பார். முதலில் நவசக்தித் தலையங்கம். அதில் அவருடைய தலைவர்களை வாரியிருப்பார்கள். வாசிப்பார். குரல் இறுகும், பல்லைக் கடிப்பார், ஆனாலும் வாசிப்பார். அது முடிந்ததும் முரசொலி. தாத்தா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். கேட்டு முடித்ததும் நேரடியாக மறுத்துப் பேசக் கூடாது. இப்போது வாசித்ததில் என்ன சொல்லியிருக்கிறது என்று தாத்தா திருப்பிச் சொல்ல வேண்டும். அண்ணாச்சி தலையை ஆட்டினால்தான் மேலே பேசலாம். "அது இல்ல நான் வாசிச்சது, இன்னொருக்க கேளும்" என்று மறுபடியும் வாசித்த நாட்கள் உண்டு. இந்தச் சட்டத்தை யார் எப்போது போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்கத் தொடங்கியபோதே அது திண்ணையில் இருந்தது.

ஒரு நாள் அண்ணாச்சி நவசக்தியை வாசித்துக்கொண்டு வருகிறார். தாத்தா கையை உயர்த்தினார்.

"அண்ணாச்சி, ஒரு வரி கொறையுதே."

"எங்கவே கொறையுது?"

"'ஆனால்'னு ஆரம்பிக்கீரு. அதுக்கு முன்னால என்னமோ இருந்திருக்கணும்லா?"

அண்ணாச்சி பேசவில்லை. பத்திரிகையை மடியில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடியும் மாட்டிக்கொண்டு, தலைப்பிலிருந்து, முதல் எழுத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார். விட்ட வரி வந்தது. என்ன வரி என்பது இன்றைக்கு எனக்கு நினைவில்லை. அந்த வரி வந்தபோது அவருடைய காது மடல் சிவந்தது நினைவிருக்கிறது. தாத்தா அதைப் பார்த்திருக்க முடியாது.

அன்பர்களே, இந்தச் சட்டம் ஏதோ எங்கள் திண்ணையில் புதிதாகக் கண்டுபிடித்தது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். நன்னூல் பாடம் கேட்டபோதுதான் வாயடைத்துப் போனேன். நூல் எழுதுகிறவன் பிறர் கருத்தை எப்படி எதிர்கொள்ள வேண்டும் என்பதை ஏழு வகை மதம் என்று பவணந்தியார் சொல்லிவைத்திருக்கிறார். உடன்படுவது ஒன்று, மறுப்பது ஒன்று. மூன்றாவதாக வைத்ததைப் பாருங்கள்: பிறருடைய கொள்கையை முதலில் தான் ஏற்றுக்கொண்டு, அதற்குப் பிறகு அதைக் களைவது. முதலில் ஏற்றுக்கொள். அவன் நாற்காலியில் உட்கார்ந்து பார். அப்புறம் எழுந்து வந்து குறை சொல்.

சைவ சாத்திரத்துக்கு வாருங்கள். அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியார் செய்தார். நூலை எப்படித் தொடங்கினார்? தன் சித்தாந்தத்தைச் சொல்லும் சுபக்கம் பின்னால் வருகிறது. முன்னால் வருவது பரபக்கம். உலகாயதன் என்ன சொல்கிறான், பௌத்தன் என்ன சொல்கிறான், சமணன், ஆசீவகன், மாயாவாதி என்ன சொல்கிறான் என்று ஒவ்வொருவன் கட்சியையும் எடுத்துவைத்து, அதன் பிறகு மறுக்கிறார். தன் வீட்டுக்கு வருகிறவனை எதிரிகளின் வீடெல்லாம் சுற்றிக் காட்டிவிட்டு அழைத்து வருகிறார்.

இதில் எனக்கு ஒரு சிலிர்ப்பு உண்டு. ஆசீவகர் எழுதிய நூல் ஒன்றுகூட இன்று நம் கையில் இல்லை. ஒரு காலத்தில் இந்த மண்ணில் செழித்திருந்த சமயம், தன் ஏட்டை எல்லாம் இழந்துவிட்டது. அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று தமிழில் நமக்கு எப்படித் தெரிகிறது? பௌத்தரின் மணிமேகலை சொல்கிறது. சமணரின் நீலகேசி சொல்கிறது. சைவரின் சித்தியார் சொல்கிறது. மூவரும் எதிரிகள்! மறுப்பதற்காக எடுத்து எழுதினார்கள், எழுதியதால் மிஞ்சியது. எடுத்து எழுதாமல் ஏசிவிட்டு மட்டும் போயிருந்தால் நமக்கு ஏச்சுத்தான் கிடைத்திருக்கும்.

குண்டலகேசி கதை உங்களுக்குத் தெரியும். வாதத்தில் வல்ல அந்தப் பெண் துறவி, ஊர் வாசலில் மணலைக் குவித்து நாவல் கிளையை நட்டுவைப்பாள். வாதத்துக்கு வருகிறவன் அதை மிதிக்க வேண்டும். ஊர் ஊராக நட்டாள், ஊர் ஊராக வென்றாள். கடைசியில் புத்தரின் சீடர் சாரிபுத்தர் எதிரே வந்தார். அவள் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். பிறகு அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதற்கு அவளிடம் பதில் இல்லை. கிளை மிதிபட்டது. அந்த இடத்தில் அவள் என்ன செய்தாள்? கோபித்துக்கொண்டு போகவில்லை, எனக்கு அதைக் கற்றுத் தாருங்கள் என்றாள். அத்தனை வெற்றியும் அவளுக்குக் கொடுக்காததை அந்த ஒரு தோல்வி கொடுத்தது.

இப்போது மறுபடியும் 1936க்கு வருகிறேன். ஏனென்றால் இதுவரை நான் சொன்னதில் ஓர் ஆபத்து இருக்கிறது. வாதம் என்றால் பணிவு, வாதம் என்றால் இனிமை என்று யாராவது எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடக் கூடாது.

லாகூரில் ஜாத்-பாத்-தோடக் மண்டல் என்று ஒரு சங்கம். சாதியை ஒழிக்க இந்துச் சீர்திருத்தக்காரர்கள் நடத்தியது. ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்க டாக்டர் அம்பேத்கரை அழைத்தார்கள். அவர் உரையை எழுதி அச்சிடத் தயாரானார். உரையைப் பார்த்தவர்கள் பயந்துபோனார்கள். இதை எடுங்கள், அதைக் குறையுங்கள் என்றார்கள். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மாட்டேன் என்றார் அம்பேத்கர். மாநாடே நின்றுபோனது. சாதியை ஒழிக்கக் கூடியவர்கள், சாதி எங்கே வேர்விட்டிருக்கிறது என்று சொல்ல வந்தவரின் பேச்சைக் கேட்கத் துணியவில்லை!

அம்பேத்கர் சும்மா இருந்தாரா? தம் செலவில் 1500 பிரதிகள் அச்சிட்டார். இரண்டே மாதத்தில் தீர்ந்துபோயின. சாதியை ஒழிக்கும் வழி என்று நாம் அறிந்திருக்கும் நூல் அதுதான். அதைத் தமிழாக்கி நம் மக்களுக்குக் கொடுத்தது பெரியாரின் குடி அரசு.

காந்தி அந்த நூலுக்கு விமர்சனம் எழுதினார். ஜூலை மாதத்து அரிசன் இதழ்களில் வந்தது. அம்பேத்கரின் கருத்துகளை அவர் ஏற்கவில்லை. ஏற்காதவர் என்ன சொன்னார்? முதலில், இப்படிப்பட்ட ஒருவரின் பேச்சைக் கேட்கவிடாமல் செய்தார்களே என்று அந்தச் சங்கத்தைக் கண்டித்தார். அடுத்து, கடுமையான ஆட்சேபணைக்கு இடமுள்ளது என்ற காரணத்துக்காகவே இதை எல்லோரும் படிக்க வேண்டும் என்றார். அதற்கும் மேல், நூலின் விலை எட்டணா என்று போட்டிருக்கிறது, இரண்டணாவாக, முடியாவிட்டால் நாலணாவாகக் குறைக்கலாமே என்று யோசனை சொன்னார். என்னை எதிர்க்கிற புத்தகம் மலிவாகக் கிடைக்கட்டும், நிறையப் பேர் வாங்கட்டும்! அந்த இரண்டணாவை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

அம்பேத்கர் அடுத்த பதிப்பில் என்ன செய்தார்? காந்தியின் விமர்சனத்தைத் தன் நூலுக்குள்ளேயே பின்னிணைப்பாகச் சேர்த்தார். அதன் பிறகு தன் பதிலை வைத்தார். அந்தப் பதில் மென்மையானதா? இல்லை ஐயா, நெருப்பு! குலத்தொழிலை விடக் கூடாது என்கிறீரே, வணிகக் குலத்தில் பிறந்த நீர் தராசு பிடித்தீரா? உம் முன்னோர் பிடித்தார்களா? உம் மகன் பிராமணப் பெண்ணை மணந்திருக்கிறாரே, அது எந்த வருணக் கணக்கில் சேரும்? இந்த ரீதியில் கேட்டார். அந்த மருமகள் யார் என்று உங்களுக்குத் தெரியும், நம் ராஜாஜியின் மகள் லட்சுமி. பெயரைச் சொல்லாமல், வீட்டுக்குள் வந்து கேட்ட கேள்வி அது.

இந்த வழக்கில் நான் அம்பேத்கர் பக்கம். அவருடைய கோபத்தின் பக்கமும்கூட. தண்ணீர்க் குளத்தில் கைவைக்கக் கூடாது என்று விரட்டப்பட்ட சமூகத்திலிருந்து வந்த ஒருவரைப் பார்த்து, கொஞ்சம் இதமாகப் பேசக் கூடாதா என்று கேட்கிற உரிமை யாருக்கும் இல்லை. குரல் உயர்ந்ததா, தாழ்ந்ததா என்பது எனக்கு இரண்டாம்பட்சம். எதிராளி சொன்னதை முழுசாக, தன் புத்தகத்துக்குள்ளேயே வாசகன் கையில் கொடுத்தாரா? கொடுத்தார். கொடுத்துவிட்டு எரித்தார்.

பத்து வருடம் கழித்து, 1946 வாக்கில், காந்தி எங்கே வந்து நின்றார் தெரியுமா? மணமக்களில் ஒருவராவது அரிசனராக இருந்தால்தான் அந்தத் திருமணத்துக்கு என் ஆசி என்று சொல்லும் இடத்துக்கு வந்தார். வருணத்தையும் குலத்தொழிலையும் பிடித்துக்கொண்டிருந்த மனிதர்! யாருடைய எந்தச் சொல் அவரை அங்கே கொண்டுவந்தது என்று அளந்து காட்ட ஒரு கருவி கிடையாது. இடையில் எத்தனையோ நடந்தது. ஆனாலும் அந்தத் தராசுக் கேள்வி பத்து வருடமாக அவருக்குள் உறுத்திக்கொண்டிருந்தது என்றுதான் நான் நம்புகிறேன்.

இங்கே ஒரு தம்பி கேட்கலாம்: அப்படியானால் எல்லாரோடும் எல்லாவற்றையும் விவாதிக்க வேண்டுமா? மனிதனை மனிதனாக மதிக்கலாமா கூடாதா என்பதற்கெல்லாம் மேடை போட வேண்டுமா? வேண்டாம் தம்பி. பொதுக்கிணற்றில் தண்ணீர் எடுக்கலாமா என்று ஒருவரை நிறுத்திவைத்துப் பட்டிமன்றம் நடத்துவது வாதம் அல்ல, கொடுமை. அவர் தண்ணீர் எடுத்துக்கொண்டு போகட்டும், அதற்குப் பிறகு பேசிக்கொள்வோம். லாகூரில் நடந்ததும் அந்த வகைதான். ஒருவர் வாயைப் பொத்திவிட்டு, பேச்சுக்கு நாங்கள் தயார் என்றார்கள். இரண்டு பேருக்கும் நிற்கத் தரை வேண்டும். தரை இல்லாத இடத்தில் முதல் வேலை தரையைக் கேட்பது.

நம் முன்னோர் தருக்க நூலில் மூன்று வகை பிரித்தார்கள். உண்மையைத் தேடிப் பேசுவது வாதம். ஜெயிப்பதற்காகப் பேசுவது சற்பம். தனக்கென்று ஒரு கட்சி இல்லாமல் அடுத்தவன் கட்சியை உடைப்பதற்கென்றே பேசுவது விதண்டை. மூன்றில் எந்தச் சொல் நம் வீட்டுப் பேச்சில் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது? விதண்டாவாதம். அதுதான் அதிகம் தேவைப்பட்டிருக்கிறது போலும். ராத்திரி எட்டு மணிக்குத் தொலைக்காட்சியைப் போட்டால் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. கேட்கக் காது கொடுத்திருந்தால்தானே திருப்பிச் சொல்ல முடியும்?

குறையை வெளியே மட்டும் காட்டிவிட்டு இறங்கினால் நான் நேர்மையானவன் இல்லை. பல வருடம் முன்னால் ஒரு பட்டிமன்றத்தில், எதிரணியில் ஒரு தங்கை பேசினார். கூட்டுக் குடும்பத்தில் மருமகளின் உழைப்புக்குக் கணக்கே இல்லை என்றார். அடுத்து எழுந்த நான், பெரியவர்களுக்குச் சோறு போடக் கணக்குப் பார்க்கச் சொல்கிறார் என்று திருப்பினேன். அரங்கம் அதிர்ந்தது. எங்கள் அணி ஜெயித்தது. நிகழ்ச்சி முடிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது அவர் வந்தார். "அண்ணே, நான் அப்படிச் சொல்லலியே" என்றார். கோபமாகக்கூட இல்லை. அவருக்கு என்னிடம் பதில் இல்லை. அவர் அப்படிச் சொல்லவில்லை என்று எனக்குப் பேசும்போதே தெரியும். அன்றைக்கு நான் விழுங்கிய வரியைக் கண்டுபிடித்துக் கையை உயர்த்த அந்த அரங்கத்தில் என் தாத்தா இல்லை.

அந்தத் தாத்தாவைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

ஓர் ஐப்பசி மழையில் அண்ணாச்சி தவறிப்போனார். காரியம் எல்லாம் முடிந்து பத்துப் பதினைந்து நாள் திண்ணை சும்மா கிடந்தது. ஒரு சாயங்காலம் தாத்தா என்னைக் கூப்பிட்டு நவசக்தியை நீட்டினார். எனக்குப் பதினொரு வயது. வாசித்தேன். தடுக்காமல், விடாமல், ஒரு வரி குறையாமல் வாசித்தேன். முடித்துவிட்டு, நன்றாக இருந்ததா என்று முகத்தைப் பார்த்தேன்.

"ஏலே, நல்லாத்தான் வாசிக்க. அண்ணாச்சி வாசிச்சா, எந்த வரி அவருக்குச் சுடுதுன்னு எனக்குக் கேக்கும். உனக்கு ஒண்ணும் சுடலியே."

கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அப்புறம் இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்துத் தடவிப் பார்த்துச் சில்லறையை எண்ணினார்.

"பேப்பர்காரன் வந்தான்னா சொல்லு. அண்ணாச்சிக்குப் போட்டுக்கிட்டிருந்த முரசொலிய நாளையிலேருந்து நம்ம வீட்டுக்குப் போடச் சொல்லு."